ஒட்டுப் போடாத நாடா

இன்றைக்கும் யாராவது சிரித்த முகத்தோடு "புது வெர்ஷன் வந்திருக்கு, போட்டுருவோமா" என்று கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கிழவிக்குப் புதுசு என்றால் பயம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த காலத்தில் இவர்களுடைய அப்பன்மார் மூக்கு ஒழுகப் பள்ளிக்கூடத்தில் நின்றிருப்பார்கள்.

எழுபதுகளின் பின்பாதி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து, அதற்குத் தெற்கே கடலோரமாகச் சில ஆலைகளும் வந்திருந்தன. அதில் ஒன்றில் எனக்கு வேலை. ஆலையின் பெயர் வேண்டாம். அதன் இயந்திரங்களைக் குளிர வைக்கக் கடல் தண்ணீர் ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். கடலிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்கால் முடிவில் மூன்று ஆழமான தொட்டிகள், தொட்டிக்கு ஒரு பெரிய பம்பு. எந்தப் பம்பு ஓட வேண்டும், எது ஓய்வெடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வதற்குத்தான் கம்ப்யூட்டர். பீரோ பீரோவாக நிற்கும். அதற்காகவே ஒரு ஏசி அறை. ஊரில் அன்றைக்குக் கோடையிலும் குளிர் அடித்த இடங்கள் ஐஸ் கம்பெனியும் எங்கள் அறையும்தான்.

அந்த மெசினைச் செய்தவன் ஒருவன். மெசினை எழுப்பி உட்கார வைக்கிற அடிப்படைப் புரோகிராம் அவன் கொடுத்தது. பம்புகளை ஓட்டுகிற வேலைக்கு மட்டும் பம்பாயில் வேறொரு கம்பெனியிடம் தனியாக ஒரு பேக்கேஜ் வாங்கியிருந்தார்கள். ஆக, ஒருவன் வீட்டில் இன்னொருவன் குடித்தனம். வீட்டுக்காரன் சுவரை மாற்றினால் குடியிருப்பவனும் சாமானை மாற்றி வைக்க வேண்டும். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை பம்பாயிலிருந்து பார்சல் வரும். தகர டப்பாவுக்குள் சுருட்டிய காகித நாடா, நாடா முழுக்கப் பொடிப் பொடியாய் ஓட்டை. அந்த ஓட்டைகள்தான் புரோகிராம். பழைய நாடாவை எடுத்து வைத்துவிட்டுப் புதியதை மெசினுக்குள் ஓட்டினால் பேக்கேஜ் புதுசாகிவிடும்.

என் வேலை நாடாவில் ஓட்டை போடுவது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி., அதற்குமேல் டைப்ரைட்டிங் ஹையர். எங்கள் கடற்கரைப் பிள்ளைகளில் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவள் நான் ஒருத்திதான். சாத்தான்குளம், நாசரேத் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் ஆபீசில் இருந்தார்கள். அவர்கள் என்னிடம் பேசும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள், எனக்கு விளங்காமல் போய்விடுமாம். அந்த எரிச்சலை இங்கே அவிழ்த்தால் இது முடியாது.

என்னைவிட ஆலைக்கு முந்தி வந்தவன் என் அண்ணன். கீழவைப்பாரில் பிறந்து சங்கு குளித்து வளர்ந்தவன். முத்துக்குளிப்பு அரசாங்கமே நிறுத்திப் போட்ட காரியம், சங்கும் சில மாதம்தான். ஆலைக்காரர்களுக்கு அவன் எதற்கு என்றால், தொட்டி வாயில் ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கிராதி உண்டு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் பாசியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அந்தக் கிராதியில் அப்பும். கூடவே சொறிமீனும் கூழ் கூழாக வந்து அடைக்கும். மற்ற ஊர்களில் அதை வழிக்க மெசின் உண்டாம். எங்கள் ஆலையில் அண்ணன்தான் மெசின். அந்தத் தொட்டியின் பம்பை நிறுத்திவிட்டு, இடுப்பில் கயிறும் கையில் அரிவாளுமாக மூச்சடக்கி இறங்கி அறுத்துத் தள்ளுவான்.

மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் மதினியின் தம்பி. எங்கள் பக்கம் குளியாளிக்குக் கயிறு பிடிக்கிறவன் பெண்டாட்டியோடு பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். காரணத்தை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கூடப்பிறந்தவள் தாலியை எவனும் ஆற்றில் விட மாட்டான். அவன் கயிற்றை எதிலும் கட்டி வைக்கக் கூடாது, இன்னொருவன் கையில் கொடுக்கவும் கூடாது. கீழே இருப்பவனுக்கு எது நடந்தாலும் கரையில் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஆலையில் வேலைக்கு எடுக்கும்போதும் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான், மச்சானும் வந்தால்தான் வருவேன் என்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு என்னைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தது. நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அதிகம் கூப்பிட்டது கிடையாது, வெட்கம்.

முதலில் ஒரு வழக்கம் இருந்தது. அண்ணன் இறங்கும்முன் எலக்ட்ரீஷியன் வந்து அந்தப் பம்பின் பியூஸ் கட்டையைக் கழற்றி அத்தானிடம் கொடுத்துவிடுவார். அத்தான் அதை மடியில் செருகிக்கொள்வார். வேலை முடிந்து அண்ணன் மேலே வந்து தலை துவட்டிய பிறகுதான் கட்டை திரும்பிப் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடிக்கவே பாதிக் காலை போய்விடும். அதற்குள் தண்ணீர் கலங்கிவிடும். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

அப்போது கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டவர் நாசரேத்துக்காரர். நல்ல மனுஷன், மற்றவர்களைப் போல என்னிடம் மெதுவாகப் பேசாதவர். அவர் ஒரு வழி செய்தார். தொட்டிக்கொரு சாவி ஸ்விட்ச் வைத்தார். அத்தான் சாவியைத் திருப்பினால் கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரியும், ஆள் உள்ளே இருக்கிறான் என்று. அது மட்டும் போதாதே. பம்பாய்ப் பேக்கேஜுக்குக் குளியாளி என்று ஒரு ஜாதி உலகத்தில் இருப்பதே தெரியாது. அதனால் இவரே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி அதன் நடுவில் பொருத்தினார். எந்தப் பம்பை ஓட்டுவதற்கு முன்னாலும் சாவியைப் பார், திருப்பியிருந்தால் தொடாதே. அவ்வளவுதான் அது சொல்வது. ஒரு முழம் நாடாகூட வராது. அதற்கு நாங்கள் வைத்த பேர் ஒட்டு. ஓட்டைகளைப் போட்டது என் விரல்கள்.

பியூஸ் கட்டை போய்ச் சாவி வந்ததில் அண்ணனுக்குச் சந்தோஷம். அத்தானுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"கட்ட மடியில கெடந்தா கெடக்குன்னு தெரியும். இப்ப என்னத்த தெரியுது" என்றார் ஒருநாள் எங்கள் வீட்டு வாங்கில் உட்கார்ந்து.

"ஒனக்கு மடி கனமா இருக்கணும்லே, அதான் ஒனக்குத் தெரிஞ்சது" என்று அண்ணன் கேலி பண்ணினான். அம்மா சிரித்தாள். நானும்தான்.

ஒட்டின் தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு பார்சல் வரும்போதும் அது செத்துப் போகும். புது நாடாவில் பம்பாய்க்காரன் எழுதியது மட்டும் இருக்கும், நாங்கள் எழுதியது இருக்காது. பழைய ஒட்டை அப்படியே எடுத்துப் போடவும் முடியாது. உள்ளே எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். தப்பான இடத்தில் போட்டால் மெசினே நின்றுவிடும். நாசரேத்து சார் புது வெர்ஷனின் அச்சுத்தாளைத் தரை முழுக்க விரித்துப்போட்டுக் குப்புறப் படுத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருப்பார். எங்கே கீறி எங்கே ஒட்டுவது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம்கூட ஆகும். பிறகு எண்களை வாசிப்பார், நான் ஓட்டை போடுவேன். போட்டு முடித்ததும் விளக்கைப் பார்த்துத் திருப்தி அடைய மாட்டார். அத்தானைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, இவர் இங்கிருந்து அந்தப் பம்பை ஓடு என்று மெசினுக்குச் சொல்வார். மெசின் மறுக்க வேண்டும். மறுத்து டைப் அடித்த பிறகுதான் டீ குடிப்பார்.

அவருக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. போகிறவரைப் போகாதே என்று சொல்ல முடியுமா. போகும்போது தன் இடத்துக்கு வந்தவரிடம் ஒட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார், என் முன்னால்தான் சொன்னார். வந்தவர் மெட்ராஸ்காரர், சின்ன வயசு. தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு மனுஷன் தலையாட்டுவதை நம்பித்தான் உலகம் பாதி ஓடுகிறது.

அடுத்த பார்சல் பெரிய பார்சல். பேக்கேஜையே புதிதாக எழுதியிருக்கிறார்களாம். இனிமேல் பழையதை வைத்திருந்தால் கம்பெனி உதவிக்கு வராது என்று மேனேஜருக்குக் கடிதம். இந்த முறை நாடாவோடு பம்பாயிலிருந்து ஒரு ஆளே வந்தார். வெள்ளை ஷூ, நல்ல இங்கிலீஷ். மேனேஜர் அவரைக் காரில் வைத்துப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் காட்டிவிட்டு வந்தார். ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோக மக்ரூன் டப்பா வேறு. புது வெர்ஷனில் அவர் பெருமையாகச் சொன்னது ஒன்று. தண்ணீர் வரத்து குறைந்தால் யாரும் சொல்லாமலே அது சும்மா நிற்கிற பம்பைத் தானே ஓட்டும். ஓடுகிற பம்பு ஏதாவது கோளாறில் நின்று போனாலும் மறுபடி தானே ஓட்டும். ஆள் தயவு வேண்டாம்.

கேட்டதும் எனக்கு ஒட்டு ஞாபகம் வந்தது. மெட்ராஸ் சாரிடம் போய் நின்றேன்.

"சார், ஒட்டு போடலியே."

"அதெல்லாம் பழைய வெர்ஷனுக்கும்மா. இதுல எல்லா ஸ்விட்சையும் அதுவே படிச்சிடும்."

"படிச்சாப் போதாது சார். படிச்சிட்டு நிக்கணும்லா."

அவர் முகம் சிவந்துவிட்டது. பஞ்ச் அடிக்கிற பெண் பாடம் எடுக்கிறாளே என்றிருக்கும். ஆனாலும் கெட்டவர் கிடையாது, பம்பாய்க்காரரிடம் கேட்டார். அவர் தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, ஆமாம், சாவி ஸ்விட்சுக்கும் இடம் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். மெட்ராஸ் சார் பம்பு ஹவுசுக்கு போன் போட்டார். அங்கே சாவியைத் திருப்பினார்கள். இங்கே சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியாம்மா, எரியுது."

எரிந்தது. எல்லோரும் பார்த்தோம். அந்த விளக்குக்கு வயர் சாவியிலிருந்து நேராக வருகிறது, கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் அது எரியும் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் குவைத்தில் இருந்தார். பம்பை ஓடச் சொல்லிப் பார்க்கலாம் சார் என்று நான் கேட்டேன். பம்பாய்க்காரருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். "அண்ணே, புதுசு போட்டிருக்காவ. எனக்குச் சரியாப் படல. கொஞ்ச நாளைக்குப் பழையபடி கட்டயக் கழத்தி வாங்கிக்கிடுங்க."

"வெளக்கு எரிஞ்சுதுல்லா?"

"எரிஞ்சுது."

"பெறகென்னளா?"

அத்தான் மட்டும் காது கொடுத்துக் கேட்டார். மறுநாள் எலக்ட்ரீஷியனிடம் போய்க் கட்டையைக் கேட்டிருக்கிறார். எலக்ட்ரீஷியன் ஸ்ரீவைகுண்டத்துக்காரர், வாய் கொஞ்சம் நீளம். பத்துப் பேர் நிற்கும்போது, "என்னலே, சாவியும் கீவியும் போட்டுக் குடுத்தாச்சு, இன்னும் பயமா? பேசாம நீ ஒங்க அக்காவக் கூட்டியாந்து கயித்தப் பிடிக்கச் சொல்லு" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் திரும்பி வந்துவிட்டார். பிறகு அவர் கேட்கவில்லை.

அதன்பின் அண்ணன் பலமுறை இறங்கினான், ஏறினான். பாசி கொஞ்சம்தான் வந்துகொண்டிருந்தது, தண்ணீர் குறையவில்லை, மெசினுக்கு நின்ற பம்பை எழுப்ப வேண்டிய தேவையே வரவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் எங்களுக்குத் தைரியம் ஏறியது. நானும் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பார்த்துச் சமாதானமாகிவிட்டேன். ஈஸ்டர் முடிந்ததும் எங்களுக்குக் கோவிலில் ஓலை வாசிப்பதாக இருந்தது, இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் வாசிப்பது. நடுவில் சொந்தத்தில் ஒரு வயசாளி தவறி அது தள்ளிப்போயிருந்தது. கச்சான் ஓயட்டும் என்று காத்திருந்தோம்.

அந்த வருஷம் கச்சான் கடுமையாக அடித்தது. ஒரு காலையில் பாசியும் சொறிமீனும் சுவர் மாதிரி வந்து மூன்று கிராதியிலும் அப்பிவிட்டது. நடுத்தொட்டிதான் மோசம். மெசினிடம் சொல்லி அந்தப் பம்பை நிறுத்தினார்கள். அத்தான் சாவியைத் திருப்பினார். எங்கள் பக்கம் விளக்கு எரிந்தது. அண்ணன் இறங்கினான்.

கண்ட்ரோல் ரூமுக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்புதான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து விளக்கு தெரியும். மெசின் செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு டைப்ரைட்டர் தானாக அடித்துக்கொண்டே இருக்கும், அது என் கைக்கெட்டும் தூரத்தில். ஓடிக்கொண்டிருந்த மற்ற இரண்டு தொட்டியும் அடைபட்டதால் தண்ணீர் குறைந்தது. குறைந்ததும் டைப்ரைட்டர் அடித்தது. நடுப்பம்பு ஓடுகிறது என்று அடித்தது. ஒரு அவசரமும் இல்லாமல், தினமும் அடிப்பதைப் போலவே அடித்தது. நான் அதை வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடுத்தொட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். ஷிப்ட் ஆபரேட்டர் உடனே புரிந்துகொண்டார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பாய்ந்து, மெசினிடம் சொல்லாமல் பம்பை நேராக நிறுத்துகிற அவசரப் பொத்தானை அமுக்கினார். பம்பு நின்றது. ஓடுகிற பம்பு காரணமில்லாமல் நின்றுவிட்டது என்று மெசின் நினைத்துக்கொண்டது. மறுபடி ஓட்டியது. அவர் அமுக்கினார். அது ஓட்டியது. டைப்ரைட்டர் ஒவ்வொன்றையும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது, ஓடுகிறது, நின்றது, ஓடுகிறது. அவர் அழுதுகொண்டே அமுக்கினார். கடைசியில் யாரோ ஓடிப்போய் மொத்தக் கரண்டையும் பிடுங்கினார்கள். ஆலை முழுக்க ஓசை அடங்கிவிட்டது. எனக்கு அந்த அமைதி இன்னும் காதுக்குள் இருக்கிறது.

நான் பம்பு ஹவுசுக்கு ஓடினேன். அண்ணனை மேலே தூக்கியிருந்தார்கள். கிராதிக் கம்பிகள் நெஞ்சிலும் தொடையிலும் வரி வரியாகப் பதிந்திருந்தன. பம்பு இழுத்து அவனைக் கம்பியோடு அப்பி வைத்திருந்தது. அத்தான் கயிற்றை விடவில்லை. அவர் ஒருவர் இழுத்து வருகிற இழுவையா அது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து சதை வெள்ளையாகத் தெரிந்தது, கயிறு பூராவும் ரத்தம். ஆட்கள் அவர் விரலைப் பிரிக்கப் பார்த்தார்கள். பிரிக்க முடியவில்லை.

கோவிலில் துக்கமணி அடித்தது. கீழவைப்பாரிலிருந்து சொந்தம் பூராவும் வந்து இறங்கியது. வந்தவர்கள் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "கயித்த யாரு பிடிச்சா?"

வேறு எதையும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். மதினி பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். அத்தான் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் எழுந்தாள்.

"எம் புருஷன ஒன் கையிலதானல குடுத்தேன். கையில குடுத்தேன்லா. எங்க?"

நான் குறுக்கே விழுந்து சொன்னேன். அத்தான் மேல் தப்பில்லை, பம்பாயிலிருந்து வந்த நாடாவில் நாங்கள் எழுதியது இல்லை, மெசின் பம்பைத் தானாக ஓட்டிவிட்டது. எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கட்டிக்கப் போகிறவனைக் காப்பாற்றுகிறாள், பாவம். ஒரு பெரியம்மா என் தலையைத் தடவி, "காயிதத்துல ஓட்ட இல்லன்னா ஆளு சாவானாளா? சும்மா கெட" என்றாள். படித்த படிப்பெல்லாம் அன்றைக்கு எனக்குக் குப்பையாகத் தெரிந்தது. எப்படிச் சொன்னாலும் அது பொய் மாதிரியே இருந்தது.

ஆலையில் விசாரணை நடந்தது. மெட்ராஸ் சார், சாவி வேலை செய்ததை விளக்கைப் பார்த்து உறுதி செய்தேன் என்றார். அது உண்மை. பம்பாய்க் கம்பெனி, எங்கள் பேக்கேஜ் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது, நடுவில் யாரோ எழுதிச் சேர்த்ததற்கு நாங்கள் ஜவாப்தாரி ஆக மாட்டோம் என்று எழுதியது. அதுவும் உண்மை. எலக்ட்ரீஷியன், சாவி வந்த பிறகு கட்டை கழற்றுவது என் வேலையில் இல்லை என்றார். மேனேஜர், உதவி நின்றுவிடும் என்பதால் புதுசு போடச் சொன்னேன் என்றார். என்னையும் கூப்பிட்டார்கள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், ஒட்டு இல்லை என்று முன்கூட்டியே சொன்னதையும் சொன்னேன். கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அத்தனை உண்மையையும் கூட்டி எழுதினால் யார் மேலும் ஒன்றுமில்லை என்று வந்தது. எதிர்பாராத விபத்து என்று முடித்துவிட்டார்கள். கொள்ளையில் போக. நான் எதிர்பார்த்தேனே. எதிர்பார்த்துச் சொன்னேனே.

அடுத்த வாரமே மெட்ராஸ் சார் தரையில் அச்சுத்தாளை விரித்தார். ஒட்டை எழுதினார். நான்தான் ஓட்டை போட்டேன். வேறு யாரும் அந்த வேலைக்கு இல்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் போட்டதில் ஒரு நாடா கெட்டுப்போனது. அந்தக் கெட்ட நாடாவைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தான் வேலைக்கு வரவில்லை. ஆலை கூப்பிட்டது, அவர் போகவில்லை. குளிக்கிற யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. அவர் கயிறு பிடித்தால் நான் இறங்க மாட்டேன் என்று ஒருவன் கடையில் வைத்தே சொல்லியிருக்கிறான். கூடப்பிறந்தவள் வீட்டுப் படியை அவர் மிதிக்க முடியாது. கோவிலில் பின்வரிசைக்கும் பின்னால் நின்றுவிட்டுப் பூசை முடியும்முன் போய்விடுவார். கலியாணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஒரே ஒருமுறை சொன்னாள். "எம்மவன விட்ட கையிலயா எம்மவளையும் குடுக்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவரைத் தேடிக்கொண்டு போனேன். வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்த இடத்தில், ஒரு வள்ளத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்திருந்தது. உள்ளங்கை மடங்காமல் விறைத்துக் கிடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து அந்த நாடாவை எடுத்தேன்.

"அத்தான், ஊரு என்னமும் சொல்லட்டும். நீங்க மட்டும் இதப் பாருங்க. இந்த ஓட்டையெல்லாம் இருக்குல்லா, இதுதான் சாவியப் பாக்கச் சொல்லுதது. பழசுல இருந்துச்சு. புதுசுல இல்ல. இது இல்லாமத்தான் பம்பு ஓடுச்சு. கயிறுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல. நீங்க இல்ல, வேற எவன் பிடிச்சிருந்தாலும் இழுத்திருக்க முடியாது."

அவர் நாடாவை வாங்கினார். மடங்காத விரலால் ஓட்டைகளைத் தடவிக்கொண்டே போனார். ரொம்ப நேரம் தடவினார். எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரு ஆளுக்காவது புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இது எத்தன பேருக்குத் தெரியும்?"

"ஆபீசுல எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப பம்பாய்க்காரன் மேல குத்தமா?"

"அவனுக்கு நம்ம ஒட்டு தெரியாது அத்தான்."

"புது சார் மேல?"

"அவரு வெளக்கப் பாத்துட்டு நம்பிட்டாரு."

"மேனேஜரு?"

"கம்பெனி உதவி நின்னுரும்னுதான் அவரு போடச் சொன்னாரு."

"நீ ஓட்ட குத்துனியே, ஒன் மேல?"

"எம் மேல இல்ல. நான் சொன்னேன், யாரும் கேக்கல."

"அப்ப யாரு மேலயும் இல்ல."

"விசாரணையில அப்படித்தான் எழுதிட்டாவ."

அவர் நாடாவைப் பழையபடி சுருட்டப் பார்த்தார். விரல் மடங்கவில்லை, அது அவிழ்ந்து மணலில் விழுந்தது. நான் எடுத்துச் சுருட்டினேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரலில் கோபமே இல்லை.

"நாய லாரி அடிச்சாக்கூட, இன்ன லாரின்னு நாலு பேரு சொல்லுவான். மச்சான் செத்துருக்கான். ஒருத்தன் மேலயும் இல்லன்னா அவன் சும்மாவாளா செத்தான்? அக்கா யாரப் பாத்து மண்ண வாரித் தூத்துவா? மச்சானோட சின்னப்பிள்ளைக நாளைக்கு வளந்து கேட்டா எவனக் காட்டுவ, இந்தக் காயிதத்தையா?"

"அதுக்காக நீங்க..."

"எம் மேலயே இருக்கட்டும். அவுங்களுக்கு ஒரு ஆளு வேணும்லா. நீ யாருட்டயும் போயி இதச் சொல்லாத."

நான் அழுதேன். சண்டையும் போட்டேன், பைத்தியமா உங்களுக்கு என்று கேட்டேன். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நடந்தார். அந்த மாதமே தோணியில் ஏறிக் கொச்சிப் பக்கம் போய்விட்டார். திரும்பி வரவில்லை. மதினி சாகும்வரை தம்பியைச் சபித்துக்கொண்டேதான் இருந்தாள். அந்தச் சாபம்தான் அவளைப் பிள்ளைகளோடு நிமிர்த்தி வைத்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். நான் அவளிடம் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை, அவர் கேட்டுக்கொண்டபடியே. அவளுக்குச் சபிக்க ஒரு ஆள் இருந்தார். எனக்கு யார் பெயரைச் சொல்லிச் சபிப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.